சொந்தம் இல்லாத ஒருத்தரின் ரத்தம்

1

செவ்வாய்க்கிழமை என் முறை. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் குளிர்பெட்டிக் கதவு மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்தக் கிழமை யார் ரத்தம் கொடுப்பது என்று அதில் எழுதியிருக்கும். திங்கள் பெட்ரா, செவ்வாய் நான். பன்னிரண்டு வருஷமாக இங்கே வேலை செய்கிறேன், இந்த ஜெர்மன் ஊரில் என் பெயரைத் தப்பில்லாமல் எழுதியிருக்கும் ஒரே இடம் அந்தத் தாள்தான்.

எதற்கு ரத்தம் என்று கேட்பீர்கள். நாங்கள் பார்ப்பது வெள்ளையணுப் பரிசோதனை. நோயாளியின் ரத்தத்தை மெஷினில் விடும்போது, நோய் இல்லாத ஒருத்தரின் ரத்தத்தையும் கூடவே விட வேண்டும். நல்ல ரத்தம் நல்லபடி ஓடினால்தான் மருந்தும் சரி, மெஷினும் சரி என்று அர்த்தம். அதற்கு 'கன்ட்ரோல்' என்று பெயர். இதற்காக ஆள் தேடி ரோட்டுக்கா போக முடியும்? நாங்களே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

நேற்று பெட்ரா ஊசியைக் குத்திக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. ஊரிலிருந்து தங்கச்சி ரேவதி படம் அனுப்பியிருந்தாள். குன்றத்தூர் மலைப்படியில் அவள் மகன் கவின், மூன்று வயசு, மொட்டைத்தலை முழுக்கச் சந்தனம், கையில் பாதி தின்ற வாழைப்பழம். கீழே ஒரு வரி: 'ஒரு வருஷம் ஆச்சு அக்கா. வேண்டுதலை முடிச்சிட்டோம்.'

ஒரு வருஷமாக அவன் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. மனசு நிறைந்துதான் போனது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? இடது கையில் ஊசியோடு வலது கையால் தட்டினேன்: 'பிளேடு புதுசா?'

பதில் குரலில் வந்தது. "புதுசு தான்க்கா. நானே வாங்கிக்கினு போயி, எம் முன்னாடி பிரிக்கச் சொன்னேன். டெட்டால் கூட எடுத்துக்கினு போனேன். மொட்டையடிக்கிற அண்ணன் என்னைப் பாத்து, இன்னாம்மா ஆபரேஷனா பண்ணப் போறேன்னு கேக்கறாரு."

பெட்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள்.

2

நான் பிறந்தது ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு ஊர். தண்டலம் பக்கம் காலேஜில் உயிர்வேதியியல் படித்தேன். கம்பெனி பஸ்களுக்கு நடுவில் எங்கள் காலேஜ் பஸ் நெரிந்து நெரிந்து போகும். படித்து முடித்ததும் கல்யாணம், அதோடு ஜெர்மனி. ரேவதி பன்னிரண்டாவதோடு நிறுத்திக்கொண்டாள். எங்கள் மாமா மகன் வேலுவையே கட்டிக்கொண்டு அதே ஊரில் இருக்கிறாள். அவளுக்கு மூத்தது ஒரு பெண், இளையவன் கவின். வேலு ஒரகடத்தில் கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவர்.

இங்கே வந்த புதிதில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "டியூப் ரெடியா?" என்று மேலதிகாரி கேட்டால் நம் ஊர்ப் பழக்கத்தில் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவேன். 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு அவர் திரும்பிப் போய்விடுவார். ஒரு நாள் பாதி வேலை நடந்த டியூபைக் கொட்டியே விட்டார். அதன்பிறகு வாயைத் திறந்து 'யா' சொல்லப் பழகினேன். இப்போது லீவில் ஊருக்குப் போனால் அங்கேயும் 'யா' என்கிறேன், ரேவதி கிண்டல் பண்ணிப் பிழிந்தெடுக்கிறாள்.

என் மகள் நிலாவுக்குப் பதினாறு வயசு. தமிழ் புரியும். பதில் ஜெர்மனில் வரும். சித்தியோடு போனில் பேச அவளிடம் இரண்டே வாக்கியம் உண்டு: "ஹலோ சித்தி. சாப்ட்டீங்களா?" அதைச் சொல்லி முடித்ததும் போன் என் கைக்கு வந்துவிடும். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

3

கவின் பிறந்ததிலிருந்து ஏதாவது ஒன்று. முதலில் கழுத்தில் நெறி கட்டிச் சீழ் வைத்தது. கீறி எடுத்தார்கள். நாலு மாசத்தில் அக்குளில். பிறகு நிமோனியா. ஒவ்வொரு தடவையும் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் பத்து நாள், பதினைந்து நாள். பல்லு முளைக்கிறது என்றார்கள், தண்ணி சேரவில்லை என்றார்கள், கம்பெனிப் புகை என்றார்கள். யார் யாரோ என்னென்னமோ சொன்னார்கள்.

போன வருஷம் அவனுக்குக் கல்லீரலில் சீழ் என்று ரேவதி போன் பண்ணினாள். இரண்டு வயசுக் குழந்தைக்குக் கல்லீரலில் சீழ் சாதாரணமாக வராது. ரத்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வெள்ளையணு எண்ணிக்கை எக்கச்சக்கம்.

"டாக்டரம்மா அதான் சொல்றாங்க," என்றாள் ரேவதி. "வெள்ளையணு நெறைய கீது, கொழந்த ஒடம்பு நல்லா சண்டை போடுதுன்னு."

நிறைய இருப்பது வேறு, சண்டை போடுவது வேறு. இதைத்தானே நான் தினமும் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கிறேன்!

வேலுவைக் கூப்பிட்டுப் பேசினேன். இந்த இடத்தை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷ வேலைக்குப் பிறகும் எனக்கு அலுக்காத விஷயம் இது ஒன்றுதான்.

நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆயுசே ஒரு நாள், மிஞ்சிப் போனால் சில நாள். அந்தக் குட்டி ஆயுசுக்குள் ஒரு கிருமி அகப்பட்டால் அப்படியே விழுங்கிவிடும். விழுங்கினால் மட்டும் செத்துவிடுமா? உள்ளே வைத்துக் கொளுத்த வேண்டும். கொளுத்துவதற்கு ஒரு நொதி இருக்கிறது. இந்த நொதியை அணு ஒரே துண்டாக வைத்திருப்பதில்லை. ஒரு பாகத்தைச் சுவரில் பதித்திருக்கும், மற்ற பாகங்களை உள்ளே தண்ணீரில் தனித்தனியாக மிதக்க விட்டிருக்கும். சேர்த்து வைத்தால் சும்மா இருக்கும்போதே பற்றிக்கொண்டு நம்மையே எரித்துவிடும் அல்லவா, அதற்காக.

கிருமி சுவரைத் தொட்டதும் உள்ளே செய்தி போகும். ஒரு நொதி இன்னொன்றைத் தட்டும், அது அடுத்ததைத் தட்டும். தட்டுவது என்றால், ஒரு துளி பாஸ்பேட்டை எடுத்து ஒட்டிவிடுவது. அவ்வளவுதான். அந்தத் துளி ஒட்டியதும் மடங்கிக் கிடந்த பாகம் நிமிர்ந்துகொள்ளும். நிமிர்ந்தது தன் கூட்டாளிகளோடு சுவருக்கு ஓடும். அங்கே பதித்து வைத்த பாகத்தோடு போய்ப் பொருந்தியதும் மெஷின் முழுசாகிவிடும், உடனே ஓடத் தொடங்கிவிடும். அதிலிருந்து கடைசியில் வருவது நாம் பாத்ரூம் கழுவும் பிளீச்சிங் சரக்கு. நம் உடம்புக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பைக்குள் அது தயாராகி, கிருமி மேல் கொட்டி, காரியம் முடிந்ததும் அந்த அணுவும் போய்ச் சேரும். யாருக்கும் சொல்லிக்கொள்ளாது. நினைக்க நினைக்க எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

வேலு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எங்க லைன்லயும் ஒரு கயிறு தொங்கும் அண்ணி. தப்பு கண்டா ஆப்பரேட்டர் இழுப்பாரு, லைட்டு எரியும், சூப்பர்வைசர் ஓடி வருவாரு. நீங்க சொல்றது, கயிற இழுத்தாச்சு, லைட்டும் எரிஞ்சாச்சு, ஆனா சொவத்துல மாட்டியிருக்க வேண்டிய பார்ட்டு வரவே இல்ல. அப்படித்தான?"

"அப்படி இருக்கலாம்னு சந்தேகப்படுறேன் மாப்ள."

"மேன்பவர் ஃபுல்லு. அவுட்புட் ஜீரோ."

எங்கள் துறைப் பேராசிரியர் இதைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். வேலு நாலு வார்த்தையில் முடித்தார். ஆனால் அவர் சொன்னது அவர் பிள்ளையைப் பற்றி.

4

சந்தேகம் சரியா என்று சீக்கிரம் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் தினமும் கொடுக்க மருந்து இருக்கிறது. அடுத்த சீழ் எங்கே கட்டும், மூளையிலா நுரையீரலிலா என்று காத்திருக்க வேண்டாம். தெரியாவிட்டால் இன்னொரு தடவை கவின் தாங்குவானா என்பதே கேள்வி.

ரத்தத்தை இங்கே வரவழைத்து நானே பார்த்துவிட்டால் என்ன என்று முதலில் ஒரு பைத்தியக்கார யோசனை. மேலதிகாரியிடம் கேட்டேன். பாவம், நல்ல மனுஷர், மறுக்கவில்லை. ஏழு விண்ணப்பப் பாரம் எடுத்துக் கொடுத்தார். மனித ரத்தம் இறக்குமதிக்கு ஒன்று, சுங்கத்துக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று, பையனின் அந்தரங்கத் தகவலைப் பாதுகாக்க ஒன்று. கடைசிப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி லீவில் இருந்தார், மூன்று வாரம். ஒரு நாள் ஆயுசுள்ள அணுவை வைத்துக்கொண்டு மூன்று வாரம் எங்கே போவது? பாரங்களை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கின்றன.

சென்னையில் அதே பரிசோதனை செய்யும் இடம் இருந்தது. விசாரித்து நாள் வாங்கினேன். ரேவதியிடம் போனில் சொன்னேன்: "கவினைக் கூட்டிட்டுப் போ. கூடவே நல்லா ஆரோக்கியமா இருக்கிற ஒருத்தரையும் கூட்டிட்டுப் போ. அவங்க ரத்தமும் எடுப்பாங்க."

இவ்வளவுதான் சொன்னேன். தப்பு அங்கே நடந்தது, பண்ணினது நான். எங்கள் ஆய்வகத்தில் கன்ட்ரோல் என்றால் பெட்ரா அல்லது நான். நோயாளிக்கு நாங்கள் யாரோ. அதனால் 'சொந்தக்காரர் வேண்டாம்' என்ற வார்த்தை எனக்கு வாயில் வரவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் குழந்தைக்காக ஒரு கை வேண்டும் என்றால் எந்தக் கை நீளும்? 'நான் நல்லாத்தான கீறேன்' என்று ரேவதி தன் கையை நீட்டியிருக்கிறாள். உறவு என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அங்கிருந்து போன் வந்திருக்கிறது. ரேவதி கோபமாகப் பேசினாள்.

"அக்கா, திரும்ப வரணுமாம். கன்ட்ரோல் சரியில்லையாம். வேற ஆளக் கூட்டிக்கினு வா, சொந்தமே இல்லாத ஆளா இருக்கணும்னு சொல்றாங்க. எம் ரத்தத்துக்கு இன்னாக்கா கொற? இந்த வெயில்ல கொழந்தயத் தூக்கிக்கினு, ஒரகடம் ஜங்ஷன்ல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல ரெண்டு மணி நேரம் நின்னுக்கினு இருந்தோம். இப்ப மறுபடியுமா?"

"மெஷின் வரைஞ்ச படத்தைக் கேட்டு வாங்கி அனுப்பு," என்றேன்.

இந்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்களுக்கு ஒரு சாயம் ஊட்டுவோம். பிறகு கிருமி வந்துவிட்டது போல ஏமாற்றும் ஒரு மருந்தைப் போட்டு எழுப்புவோம். கொளுத்தத் தெரிந்த அணுவில் சாயம் பச்சையாக ஒளிரும். மெஷின் ஒவ்வொன்றாக எண்ணி, ஒளிர்ந்ததை வலது பக்கமும் ஒளிராததை இடது பக்கமும் வரைந்து காட்டும். நல்ல ரத்தம் என்றால் வலது பக்கம் ஒரே மேடு. நோய் என்றால் இடது பக்கமே ஒரே மேடு.

கவினுடைய மேடு இடது பக்கம் கிடந்தது, அசையவே இல்லை.

ரேவதியின் படத்தில் இரண்டு மேடு. இடதில் ஒன்று, வலதில் ஒன்று.

5

கன்ட்ரோல் சரியில்லாமல் கவின் ரிப்போர்ட்டை யாரும் எழுத்தில் தரமாட்டார்கள். தரவும் கூடாது. ஆனால் எனக்கு அந்த இரண்டு மேடும் போதும். பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஒவ்வொரு அணுவும் அதில் ஒன்றை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடும். ரேவதியிடம் ஒன்று நல்லது, ஒன்று பழுது. அதனால் அவள் வெள்ளையணுக்களில் பாதிக்குக் கொளுத்தத் தெரியும், பாதிக்குத் தெரியாது. அவளுக்குப் பாதியே போதுமாக இருந்திருக்கிறது. கவின் ஆண். அவனுக்கு ஒரே எக்ஸ், அவளிடமிருந்து வந்தது, அதுவும் பழுதானது.

எத்தனை வருஷம்! சின்ன வயசிலிருந்தே ரேவதிக்கு வாய்ப்புண். ஊறுகாய் தின்னாதே என்று நாங்கள் எல்லாரும் அவளைத் திட்டுவோம். நான் ஊறுகாய் ஜாடியைத் தூக்கி அவளுக்கு எட்டாமல் பரண் மேல் வைப்பேன். இப்படிப் பாதிப் பழுதை வைத்திருக்கும் பெண்களுக்கு வாய்ப்புண் வரும் என்று எங்கள் ஆய்வகப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆயிரம் தடவை படித்திருக்கிறேன், அவள் முகம் ஒரு தடவை கூட ஞாபகம் வரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தம்பி பிறந்து எட்டு மாசத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அதுவும் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. அம்மா இருந்தால் கேட்டிருக்கலாம். அம்மா போய் ஆறு வருஷமாகிறது.

இதையெல்லாம் விட முதலில் எனக்குத் தோன்றியது வேறொன்று. அதை எழுதலாமா வேண்டாமா என்று இந்த ஒரு வருஷம் யோசித்தேன். அம்மாவிடமிருந்து இவளுக்கு வந்தது என்றால் எனக்கும் வந்திருக்கலாம், என்னிடமிருந்து நிலாவுக்கும். படத்தைப் பார்த்த மறு நொடி என் மனசு பாய்ந்தது அங்கேதான். அதற்கு அடுத்த நொடி, குளிர்பெட்டிக் கதவுத் தாள். பதினோரு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை என் ரத்தம் அந்த மெஷினில் ஓடுகிறது. ஒரே மேடு, வலது பக்கம், ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. எனக்கு இல்லை. நிலாவுக்கும் இல்லை.

பெருமூச்சு விட்டேன். சந்தோஷமாக இருந்தது. தங்கச்சி மகனின் மேடு கையிலிருக்கும் போனில் இடது பக்கம் செத்துக் கிடக்கிறது, எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. இதைவிடக் கேவலமாக நான் என்னை எப்போதும் நினைத்ததில்லை.

ரேவதியிடம் எதையும் சொல்லவில்லை. "திரும்ப எடுக்கணும், அவ்ளோதான்," என்றேன்.

வேலுதான் போனை வாங்கினார். அவருக்குக் கோபமே இல்லை. அவர்கள் கம்பெனியில் தினமும் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது, அளவு சரி என்று முத்திரை குத்திய ஒரு பாகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, முதலில் அதை வைத்து அளவுகருவியைச் சோதிப்பார்களாம். அதற்கு மாஸ்டர் பீஸ் என்று பெயர்; சோதிக்கப்போகும் அதே லாட், அதாவது அதே தொகுதிச் சரக்கிலிருந்து அதை எடுக்கக்கூடாதாம்.

"புரிஞ்சிச்சு அண்ணி," என்றார். "மாஸ்டர் பீஸ அதே லாட்லருந்து எடுத்துட்டோம். அதான் மிஸ்டேக்."

அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

"நான் குடுக்கலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் எங்கள் மாமா மகன், எங்கள் ரத்தம். இதே நோயில் அப்பா வழியாகவும் வரும் வேறு வகைகள் உண்டு, மறுபடி ஒரு குழப்பம் வந்தால் குழந்தை தாங்காது. அப்புறம்தான் வேடிக்கை. எங்கள் ஊரில் சொந்தம் இல்லாத ஆளுக்கு எங்கே போவது? எதிர்வீடு சித்தப்பா, பக்கத்து வீடு அத்தை, டீக்கடை மச்சான். பெண் கொடுத்து எடுத்துக் கொடுத்து எடுத்து ஊரே ஒரே லாட்.

வேலு கம்பெனிக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். டீ பிரேக் முடிவதற்குள் ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்களாம். ஒடிசாக்காரர்கள் இரண்டு பேர், தர்மபுரிக்காரர் ஒருத்தர், கேன்டீன் மாஸ்டர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, கம்பெனி வந்து ஊரெல்லாம் அன்னியர் ஆகிவிட்டார்கள் என்று பெரியவர்கள் புலம்புவார்கள். நல்ல வேளை ஆனார்கள்.

கடைசியில் போனது முப்புடாதி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்திமூன்று வயசு, சீட் உறை தைக்கும் லைனில் வேலை, ஒரகடத்தில் ஹாஸ்டல். ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தாள். வண்டியில் போகும்போதே ரேவதி வீடியோவில் எனக்குக் காட்டினாள். முப்புடாதி மடியில் கவின் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ரொம்ப நன்றிம்மா," என்றேன்.

"இதுல என்னக்கா இருக்கு? ஒரு டியூபு ரத்தந்தான கேக்காவ," என்றாள். "எனக்கு ஊசின்னா பயம். பிள்ள முகத்தப் பாத்துக்கிட்டே குடுத்திருதேன்."

அவள் மேடு வலது பக்கம் போய் உட்கார்ந்தது, அளவெடுத்த மாதிரி. கவினுடையது இடதில். இப்போது யாரும் மறுக்க முடியாது. ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலமே மருந்து ஆரம்பித்தார்கள். தினமும் இரண்டு மருந்து, ஒன்று கிருமிக்கு, ஒன்று பூஞ்சைக்கு. ஈர வைக்கோல், எருக்குழி பக்கம் போகக்கூடாது. எலும்பு மஜ்ஜை மாற்றலாமா என்று பேச்சு நடக்கிறது, அவன் அக்காவுடையது பொருந்துமா என்று பார்க்கிறார்கள். அது இன்னும் முடிவாகவில்லை.

இங்கே நான் கன்ட்ரோல் கொடுப்பது எந்த ஊர்க் குழந்தைகளுக்கு என்று எனக்குத் தெரியாது. டியூபில் எண் மட்டும் இருக்கும். அவர்கள் அம்மாக்களுக்கும் என்னைத் தெரியாது. முப்புடாதி போல நானும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் எனக்குச் சொந்தம் யாரும் இல்லை என்று அழுத காலம் உண்டு, அதனால்தான் நான் இங்கே உபயோகப்படுகிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

6

ரிப்போர்ட் வந்து இரண்டு வாரம் ஆனது. சென்னை டாக்டர் ரேவதியையும் வேலுவையும் உட்காரவைத்து எல்லாம் விளக்கியிருந்தார், யாரிடமிருந்து வந்தது என்பது உட்பட. ரேவதி தினமும் போன் பண்ணுவாள். மருந்து கொடுத்தது, அவன் வாந்தியெடுத்தது, மறுபடி கொடுத்தது என்று எல்லாம் சொல்வாள். அந்த விஷயத்தை மட்டும் எடுக்கமாட்டாள். நானும் எடுக்கமாட்டேன். தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு உள்ளுக்குள் புழுங்குகிறாள் என்று நினைத்தேன். சமாதானம் சொல்ல வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். உன் தப்பு இல்லைடி, யார் கையிலும் இல்லை, பாதி அணுவை வைத்துக்கொண்டு நீ முழு ஆளாய் நின்றாயே, இப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். நிலா வழக்கம்போல "ஹலோ சித்தி, சாப்ட்டீங்களா?" சொல்லிவிட்டு என்னிடம் போனைத் தந்தாள்.

"அக்கா, நிலா பக்கத்துல கீதா?"

"உள்ள போயிட்டா. ஏன்?"

"ஒண்ணு கேக்கணும். நெஜத்தச் சொல்லணும்."

வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுக்கி வைத்த வார்த்தைகளைத் தேடினேன்.

"எங்கிட்டருந்து தான் வந்துச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மா கிட்டருந்து எனக்கு. அப்ப உனக்கும் இருக்குமாக்கா?" குரலைத் தணித்தாள். "நிலாவுக்கு?"

நிலாவின் அறைக் கதவைச் சாத்தினேன்.

"ரெண்டு வாரமா பல்லக் கடிச்சிக்கினு இருந்தேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. நாளைக்கு அவளுக்கு ஒரு பையன் பொறந்து அவனும் இப்படிக் கஷ்டப்பட்டா... உனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல. ஒரு டெஸ்ட் பண்ணிக்கோக்கா. நீ அங்கயே தான வேலை செய்யற."

"இல்லடி," என்றேன். "எனக்கு இல்ல. நிலாவுக்கும் இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பதினோரு வருஷமா பாக்கறேன். என் ரத்தத்த வெச்சித்தான் இங்க மத்தவங்களுதப் பாக்கறாங்க."

"அப்பாடா," என்றாள்.

அப்புறம் அழுதாள். கல்லீரலில் சீழ் என்றபோது அழாதவள், ரிப்போர்ட் வந்தபோது அழாதவள், எனக்கு இல்லை என்றதும் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. அடுக்கி வைத்ததெல்லாம் போயிற்று, சொல்லக்கூடாது என்று வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"ரேவதி, உன் ரிப்போர்ட்டப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும். மொதல்ல நான் என்னைப் பத்தித்தான் நெனச்சேன். எனக்கு இல்லன்னு சந்தோஷப்பட்டேன். கவின் அப்படிக் கெடக்கும்போது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அவள் குரல், சாதாரணமாக, கொஞ்சம் எரிச்சலோடு கூட.

"படாம பின்ன? பைத்தியமாக்கா நீ? நான் இப்ப அதுக்குத்தான அழுதுகினு கீறேன்."

கவின் எதையோ கீழே தள்ளிவிட்ட சத்தம் கேட்டது. "டேய், தொடாத அத," என்று அவனை அதட்டிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"நிலாவக் கூப்புடு," என்றாள். "சாப்ட்டேன்னு சொல்லணும். கேட்டுட்டுப் போயிட்டா, பதிலே வாங்கல."